கப்பல் விருந்தில் உடுப்பது யாது?

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் கேட்டபோது, விடுதிச் சோற்றையும் பழைய ஆசிரியர்களின் பிரம்பையும் பற்றியே நாம் எழுதுவோம் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவற்றை எம்மினும் நன்றாக எழுத வல்லார் இம்மலரிலே பலர் உளர். நாமோ கப்பலைப்பற்றி எழுதப் புகுகின்றோம். அதிலும், கப்பலில் இராப்போசனத்துக்கு எதனை உடுத்துக்கொண்டு போவது என்னும் சிறு விடயத்தைப்பற்றி. வாசகர் நகைத்தல் வேண்டா. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் எம் பழைய மாணவர் பலர், இளைப்பாறியபின் உல்லாசக் கப்பல்களில் ஏறிக் கடல் சுற்றத் தொடங்கியுள்ளனர். பிள்ளைகள் பெற்றோரின் மணநாளுக்குப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுக்கின்றனர். சீட்டு வந்த மறுநாளே எமக்குத் தொலைபேசி அழைப்பு வருகின்றது. அறை எந்தத் தட்டில் இருந்தால் நல்லது என்றோ, கடல் கொந்தளிக்குமோ என்றோ கேட்பார் அரியர். "அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு என்ன உடுக்க வேண்டும்?" என்பதே கேள்வி. கேட்பவர் பொறியியலாளராகவோ வைத்தியராகவோ நாற்பது ஆண்டு தொழில் புரிந்தவர். மந்திரிமார் முன்னும் கூசாது நின்றவர். ஆயினும் இக்கேள்வியைக் கேட்கும்போது அவர் குரல் சற்றே தாழ்கின்றது. அத்தாழ்ந்த குரலே இக்கட்டுரைக்குக் காரணம்.

விடையை முதலிலேயே கூறிவிடுவோம். இக்காலத்தில் பெரும்பாலான கப்பல்களில், பெரும்பாலான இரவுகளில், கொலர் வைத்த ஒரு சேட்டும் நீண்ட காற்சட்டையும் போதும். நோர்வீஜியன் என்னும் கம்பனி 2000ஆம் ஆண்டிலேயே உடைக் கட்டுப்பாட்டையும் உணவு நேரக் கட்டுப்பாட்டையும் தளர்த்தி அதனையே தன் விளம்பரமாகவும் ஆக்கிக்கொண்டது. செலிபிரிட்டிக் கம்பனி 2015ஆம் ஆண்டின் இறுதியிற் சம்பிரதாய இரவுகளை நீக்கிற்று. பழைய முறையை இன்னும் கைவிடாதிருப்பது கியூனாட் கம்பனி. 2004இல் முதற் பயணம் புறப்பட்ட அதன் 'குயீன் மேரி 2' கப்பலில், ஒவ்வொரு பயணத்திலும் சில இரவுகள் 'காலா' இரவுகள் எனக் குறிக்கப்படும். அவ்விரவுகளில், மாலை ஆறு மணிக்குப்பின், ஆடவர்க்குக் கறுப்புக் கோட்டும் 'போ' என்னும் முடிச்சுக் கழுத்துப்பட்டியும், அல்லது கருநிறச் சூட்டு. பெண்டிர்க்கு நீண்ட மாலையுடை. இவற்றை விரும்பாதார் பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. அவர்களுக்கென வேறு உணவுச்சாலைகள் அதே கப்பலில் உண்டு. இவ்விதிகளின் அடியிலே சிறிய எழுத்தில் ஒரு செய்தி இருக்கும்: தேசிய உடையும் ஏற்கப்படும் என்பது அது. நம்மவர் அவ்வரியை வாசிப்பதில்லை. வாசித்தாலும் அது தமக்காக எழுதப்பட்டது என்று கொள்வதில்லை.

ஏன் கொள்வதில்லை என்பதை விளங்கிக்கொள்ள, நம்மவர் கப்பலேறிய காலத்துக்குச் செல்லவேண்டும். மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்வோர் அந்நாளிற் கொழும்பிலே கப்பலேறினர். ஓக்கேட்ஸ், ஹிமாலயா, ஒறொன்சே, ஒர்சோவா முதலிய கப்பல்களின் பெயர்கள், எம் வயதினர்க்குப் புகையிரதங்களின் பெயர்போல் வாயில் நின்றவை. ஒறியானா 1960இலும் கன்பரா 1961இலும் ஓடத் தொடங்கின. ஏடன், சூயசு, போட் சைட் என்று துறைதுறையாகச் சென்று தில்பரியை அடைய இரண்டு மூன்று கிழமை செல்லும். 1967இல் மூடப்பட்ட சூயசுக் கால்வாய் மீண்டுந் திறக்கப்பட்டது 1975இல். அதற்குள் நம்மவரெல்லாம் ஆகாய விமானத்துக்கு மாறிவிட்டனர். விமானத்திலே எதை உடுத்தாலும் உணவு மடிக்கு வந்துவிடும். கப்பல் அப்படியன்று. அங்கே உணவுமண்டபத்துக்கு ஒரு வாயில் உண்டு. வாயிலில் ஒருவர் நிற்பார்.

அக்காலக் கப்பல்களில் முதலாம் வகுப்பு, சுற்றுலா வகுப்பு என இரண்டு உலகங்கள் இருந்தன. முதலாம் வகுப்பில் ஒவ்வோர் இரவும் இராப்போசனக் கோட்டு அணிதல் வழக்கம். கப்பல் புறப்பட்ட முதல் இரவும், கரை சேர்வதற்கு முந்திய இரவும் மட்டும் விலக்கு. காரணம் எளியது: முதல் இரவிற் பெட்டிகள் திறக்கப்பட்டிரா, கடைசி இரவில் மீண்டும் பூட்டப்பட்டிருக்கும். பெட்டிகளுக்கும் அங்கே சாதி உண்டு. அறைக்குச் செல்பவை, பயணத்திடையே வேண்டப்படுபவை, பயணத்தில் வேண்டப்படாதவை என மூன்று வகைச் சீட்டுக்கள் ஒட்டப்படும். மூன்றாம் வகையின கப்பலின் அடிவயிற்றுக்குப் போய்விடும். தில்பரியிலேதான் மீண்டும் வெளிச்சம் காணும். சுற்றுலா வகுப்பிற் கறுப்புக் கோட்டு வேண்டுவதில்லை. எனினும் இரவு உணவுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் எதிர்பார்க்கப்பட்டன. நம்மவரில் மிகப் பெரும்பாலார் சென்றது இவ்வகுப்பிலேயே.

அந்த ஒரு கோட்டுக்காக எத்தனை காணிகள் ஈடு வைக்கப்பட்டன என்பதை யாரும் கணக்கெடுத்தாரல்லர். பயணச்சீட்டு, கல்விக் கட்டணம், பனிக்கால மேலங்கி என்னும் செலவுகளோடு இதுவும் ஒன்றாகச் சேர்ந்தது. யாழ்ப்பாணம் பெரியகடையிலோ கொழும்புக் கோட்டையிலோ அளவெடுத்துத் தைப்பிப்பார்கள். வளரும் பிள்ளை என்று தாய்மார் இரண்டு விரல் கூட்டி வைக்கச் சொல்வார்கள். 1962ஆம் ஆண்டு நாம் கப்பலேறிய நாளில், கொழும்பு இறங்குதுறையில் எம் தந்தையார் எட்டுமுழ வேட்டியும் சால்வையுமாக நின்றார். நாம் கம்பளிச் சூட்டுடன் நின்றோம். நண்பகல் வெயில். அவருக்கு வியர்க்கவில்லை. தம் வாழ்நாளில் ஒரு நாளேனும் காற்சட்டை அணியாத அவர், எம் கழுத்துப்பட்டி கோணியிருந்ததைக் கண்டு, சால்வையைத் தோளில் ஒதுக்கிக்கொண்டு அதனை நேராக்கினார். படகு வந்தது. பயற்றம் பணியாரப் பொதியோடு நாம் இறங்கினோம்.

இக்கோட்டு யாதென்பதைச் சிறிது ஆராய்தல் நன்று. ஆராய்ந்தால் அச்சம் பாதி நீங்கும். முற்காலத்தில் ஆங்கிலப் பிரபுக்கள் இராவிருந்துக்கு அணிந்தது பின்புறம் வால்போல் நீண்ட கோட்டும் வெண்ணிறக் கழுத்துப்பட்டியும். வேல்ஸ் இளவரசராயிருந்து பின்னர் ஏழாம் எட்வேட் அரசரானவர், தம் கிராம மாளிகையில் நெருங்கிய நண்பரோடு உண்ணும்போது அவ்வால் தொல்லையாயிருக்கக் கண்டு, 1865இல் சவில் றோவிலுள்ள ஹென்றி பூல் என்னும் தையற்காரரிடம் குட்டையான ஒரு கோட்டுத் தைப்பித்தார் என்பர். 1886இல் அமெரிக்காவின் நியூயோக் மாநிலத்திலுள்ள டக்சீடோ பார்க் என்னும் இடத்துச் செல்வரிடையே அவ்வகைக் கோட்டுப் பரவி, ஊர்ப்பெயரையே தன் பெயராகவும் பெற்றது. ஆகவே, இக்காலத்தில் நாம் நடுங்கி நோக்கும் இவ்வுடை, பிறந்தபோது மரியாதையுடையே அன்று. விருந்தாளிகள் போனபின் நம் வீட்டுப் பெரியவர்கள் சால்வையைக் கொடியிற் போட்டுவிட்டுச் சாறத்தோடு சாய்மனைக் கதிரையில் அமர்வது போன்ற ஒன்று.

அதனோடு இடையில் அணியும் அகன்ற பட்டுக் கச்சின் கதை இன்னும் சுவையுடையது. அதன் பெயர் கமர்பந்து. பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானிக்கு வந்த சொல். இடையைக் கட்டுவது என்பதே பொருள். இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையதிகாரிகள், வெப்பத்திலே கோட்டின்கீழ் உட்சட்டை அணிய மாட்டாமல், உள்ளூரார் இடையிற் சுற்றியிருந்த துணியைத் தாமும் சுற்றிக்கொண்டனர். செங்கடலிற் கப்பல் புகுந்ததும் கோட்டையுங் களைந்துவிட்டு, வெண்சட்டையும் காற்சட்டையும் இக்கச்சும் மட்டுமாக உணவுக்கு வரும் வழக்கமும் உண்டாயிற்று. அதற்குச் 'செங்கடற் கோலம்' என்றே பெயர். வெயில் சுட்டபோது அவர்கள் தம் விதியைத் தாமே மாற்றிக்கொண்டனர் என்பதை நோக்குக. கம்பளிச் சூட்டோடு வியர்த்துக் கொட்டியவர் நாமே. கிழக்கிலிருந்து சென்ற கச்சு, மேற்கத்திய மரியாதையாகி, விலைச்சீட்டோடு நமக்கே திரும்பி வந்தது.

மோகன்தாஸ் காந்தி என்னும் பதினெட்டு வயது இளைஞர் 1888 செப்டெம்பரில் பம்பாயிலிருந்து கிளைட் என்னும் கப்பலில் இலண்டன் சென்ற கதையை, 'சத்திய சோதனை' படித்தோர் அறிவர். கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாத கூச்சத்தாலும், எவ்வுணவில் மாமிசம் இல்லை என்று கேட்கும் துணிவின்மையாலும், அவர் உணவு மேசைக்கே செல்லவில்லை. ஊரிலிருந்து கொண்டுசென்ற இனிப்புக்களையும் பழங்களையும் அறையிலிருந்தே உண்டார். கப்பலிற் கறுப்புச் சூட்டை அணிந்து, நண்பர்கள் தைப்பித்துக் கொடுத்த வெண்ணிறப் பிளனல் உடையைக் கரையிறங்கும் நாளுக்கெனச் சேமித்து வைத்தார். இறங்கியது செப்டெம்பர் இறுதி. துறைமுகத்தில் வெள்ளுடை உடுத்தவர் தாம் ஒருவரே எனக் கண்டார். மற்றைப் பெட்டிகளோ உடனே கைக்கு வரவில்லை. அதே மனிதர் 1931இல் வட்டமேசை மகாநாட்டுக்காக ராஜ்புத்தானா என்னும் கப்பலில் ஏறியபோது முழங்கால் வரை கட்டிய கதரும் போர்வையுமே உடை. இவ்விரண்டு கப்பற் பயணங்களுக்கும் இடையே நாற்பத்து மூன்று ஆண்டு. இடையில் ஒரு முறை, 1927 நவம்பரில், யாழ்ப்பாணத்துக்கும் வந்து போனார். அவரை அழைத்த வாலிபர் காங்கிரசார் தேசிய உடையைத் தம் விரதங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தனர். அவ்விரதத்தின் சாயல் எம் காலத்து இந்துக் கல்லூரி ஆசிரியர்கள் மீதும் படிந்திருந்தது. வேட்டியும் நஷனலும் சால்வையுமாக அவர்கள் அட்சரகணிதம் கற்பித்தார்கள். நாம் அவர்களிடம் படித்துத் தேறி, அவர்கள் அணியாத உடையை அணிந்துகொண்டு கப்பலேறினோம்.

எம்மோடு அக்கப்பலிற் பண்டிதர் ஒருவர் வந்தார். முப்பத்தாறு ஆண்டு தமிழ் படிப்பித்து இளைப்பாறியவர். இலண்டனிலிருந்த மகனைக் காணப் போனார். ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். வேண்டியபோது மட்டும் பேசுவார். முதல் இரவு உடைக் கட்டுப்பாடு இல்லையாதலால் ஒருவரும் ஒன்றுஞ் சொல்லவில்லை. இரண்டாம் இரவு, வெளுத்த வேட்டியும் நஷனலும் கரை போட்ட சால்வையும் நெற்றி நிறைந்த திருநீறுமாக அவர் உணவுமண்டப வாயிலுக்கு வந்தார். தலைமைப் பரிசாரகர், கடுகடுப்பின்றி, மிகுந்த பணிவோடு, உணவை அறைக்கே அனுப்பிவைக்கட்டுமா என்று வினவினார். பணிவோடு கேட்கப்படும் கேள்விகளுக்கு மறுமொழி சொல்வது கடினம் என்பதை அனுபவப்பட்டோர் அறிவர். பண்டிதர் சற்று யோசித்து ஆங்கிலத்திலே சொன்னார்: "கோயிலுக்கும் கலியாணத்துக்கும் இப்படித்தான் போகிறேன். இதிலும் நல்ல உடை என்னிடம் இல்லை. இதிலும் கூடாதது வேண்டுமானால் அறையில் ஒரு சாறம் இருக்கிறது, உடுத்துக்கொண்டு வரட்டுமா?"

பேர்சர் என்னும் கப்பல் அதிகாரியிடம் ஆள் போயிற்று. வரிசையிற் பின்னால் நின்றோர் பொறுமை இழந்தனர். நாமும் எம்மோடு பயணஞ் செய்த மூன்று மாணவரும் அவர்களுள் நின்றோம். கால் மணி கழித்துத் தீர்ப்பு வந்தது: அனுமதிக்கலாம், ஆனால், அவருடைய சௌகரியத்தை முன்னிட்டு, மண்டபத்தின் கோடியில், சமையற்கட்டுக் கதவின் அருகே, வேறு மேசை. பண்டிதர் ஒன்றும் பேசாது அங்கே போய் அமர்ந்தார். அம்மேசைக்குப் பொறுப்பாயிருந்தவர் கோவாவைச் சேர்ந்த முதிய பரிசாரகர். சமையற்கட்டுக் கதவருகே என்றாற் பொருள் என்ன? மற்றையோர்க்கு ஆறிப்போய் வரும் உணவு அங்கே ஆவி பறக்க வரும். மரக்கறி உணவு என்றால் அவித்த உருளைக்கிழங்கும் பட்டாணியும் மட்டுமே என்றிருந்த அக்காலத்தில், அந்த முதியவர் எங்கிருந்தோ பருப்பும் சோறும் கொண்டுவந்து வைத்தார். மூன்றாம் நாள் ஊறுகாயும் வந்தது. நாலாம் நாள் நாங்கள் நால்வரும் அம்மேசைக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பித்தோம். தேசபக்தியால் என்று இப்பொழுது சொன்னால் நன்றாயிருக்கும், ஊறுகாயே காரணம்.

செங்கடலைக் கடந்தபின் ஒரு மாலை மாறுவேட விருந்து நடந்தது. கப்பல்தோறும் ஒரு முறையேனும் நடப்பது. சிலர் கடற்கொள்ளையராக வந்தனர். சிலர் கடற்கன்னியராக வந்தனர். நடுவயது ஆங்கிலேயர் ஒருவர் படுக்கை விரிப்பை இடையிற் சுற்றி, குளியல் துவாலையைத் தலைப்பாகையாகக் கட்டி, முகத்திற் கபிலநிற மை பூசி, 'இந்திய மகாராஜா' என்று வந்தார். அவருக்கே முதற் பரிசு. கோடி மேசையிலிருந்து பண்டிதர் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார். பின்பு எம் பக்கம் திரும்பி, "கட்டு வடிவில்லை, தம்பி. விடியச் சொல்லியிருந்தால் நானே கட்டிவிட்டிருப்பேன்" என்றார். பத்து நாள் முன்பு அதே வாயிலில் நடந்ததைப்பற்றி அவர் எம்மிடம் அதற்குமுன்பும் பேசவில்லை, அதன்பின்பும் பேசவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழும். இவ்வளவும் ஆடவர் கதையாகவே இருக்கின்றதே. பெண்டிர் என் செய்தனர்? அவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எமக்குத் தெரிந்தவரையில் சேலை உடுத்து வந்த ஒரு பெண்ணைக் கப்பல் உணவுமண்டப வாயிலில் யாரும் தடுத்ததில்லை. பட்டுச்சேலை எம்மாலையுடைக்கும் இணை என்று எல்லாக் கப்பல்களும் ஒப்புக்கொண்டுவிட்டன. எம் இல்லாள் இத்தனை பயணங்களில் ஒரு நாளேனும் உடையைப்பற்றி யாரிடமும் கேட்டதில்லை. எச்சேலைக்கு எந்த அட்டியல் என்பது மட்டுமே அவருக்குள்ள பிரச்சினை. வேட்டிக்கும் சேலைக்கும் இந்நிலைவேறுபாடு எப்படி வந்தது? ஒரே தறியில் நெய்யப்படும் இரண்டு துணிகள்தாமே! எம் கருத்து இது: நம் பெண்கள் சேலையை ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆகவே உலகம் அதற்கு இடங்கொடுத்தது. நம் ஆடவர் கச்சேரிக்கும் கந்தோருக்கும் காற்சட்டைக்கு மாறி, வேட்டியைக் கோயிலுக்கும் செத்தவீட்டுக்கும் என ஒதுக்கினர். தாமே இரண்டாந்தரமாக்கிய உடையை வாயிற்காவலர் முதல்தரமாகக் கொள்வார் என எங்ஙனம் எதிர்பார்ப்பது?

இதனால், உடைக் கட்டுப்பாடே கூடாது என்பார் கட்சியில் நாம் சேரவில்லை. அரைக்காற்சட்டையும் கை இல்லாத பெனியனுமாக விருந்து மேசைக்கு வருவாரை இக்காலக் கப்பல்களில் நிறையக் காணலாம். எமக்கு அது உவப்பாயில்லை. நம் ஊரிலே கலியாணப் பந்தியில் அமரத் தோட்டத்து மண்ணோடு யாரும் வந்ததில்லை. குளித்து, உலர்ந்த வேட்டி உடுத்து, திருநீறு பூசி வந்தே இலையின்முன் அமர்ந்தார்கள். பக்கத்திலிருப்பவருக்கும் பரிமாறுபவருக்கும் செய்யும் மரியாதை அது. கப்பல் விருந்து கேட்பதும் அதனையே. கேட்பதைக் கொடுத்துவிட வேண்டியதுதான். எத்துணியாற் கொடுப்பது என்பதே நாம் தீர்மானிக்க வேண்டியது.

2019இல் மகன் குடும்பத்தோடு இங்கிலாந்திலிருந்து நோர்வேக் கடலிடுக்குகளைக் காணக் கப்பலேறினோம். இரண்டாம் நாள் சம்பிரதாய இரவு. மகன் தன் கறுப்புக் கோட்டை அணிந்துகொண்டான். பேரனுக்கு வாடகைக் கோட்டு. நாம் பட்டு வேட்டியை எடுத்தபோது மகன் அறைக் கதவருகே தயங்கி நின்றான். "ஐயா, இந்தக் காலத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால், பார்ப்பார்கள்" என்றான். அவன் அந்நாட்டிற் பிறந்தவன். பள்ளிக்கூடத்திற் பலர் பார்க்க நின்ற நாட்கள் அவனுக்கு உண்டு. அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. "பார்க்கத்தானே உடுத்துவது" என்று மட்டும் சொன்னோம். மேலே அவன் ஒன்றும் பேசாமல், சால்வையின் மடிப்பை எம் தோளிற் சரிப்படுத்தினான்.

பார்க்கத்தான் செய்தார்கள். எம் மேசையிலே ஸ்கொத்லாந்துக்காரர் ஒருவர் தம் மனைவியோடு இருந்தார். அவர் அணிந்திருந்தது முழங்காலளவு கொசுவம் வைத்த கில்ற்றுப் பாவாடை. வெள்ளையர் கப்பலில் அவர் பாவாடையோடு வந்ததைக் கண்டு பேரன் வியந்தான். அவருடைய உடைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கியபின், மலைநாட்டு உடையை ஆடவர் அணிதல் குற்றம் என பிரித்தானியப் பாராளுமன்றம் 1746இற் சட்டஞ் செய்தது. 1782இலேதான் அச்சட்டம் நீக்கப்பட்டது. அணிந்தாற் சிறை என்றிருந்த துணி, இக்காலத்தில் எக்கப்பலின் எவ்விருந்திலும் கேள்வியின்றி நுழைகின்றது. தம் கில்ற்றுக்கு எட்டு யார் துணி சென்றதென்றார் அவர். எமது வேட்டி எட்டு முழம் என்றோம். முழம் அரை யார் என்று விளக்கினோம். அவருடையது எம்முடையதினும் இருமடங்கு என்று தெரிந்ததும் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி. கொசுவம் வைப்பது எப்படி, அவிழாமல் நிற்பது எப்படி என்றெல்லாம் பேச்சு நீண்டது. உணவு பரிமாறிய பிலிப்பைன்சு இளைஞர், தம் நாட்டிற் கலியாணத்துக்குக் கோட்டு அணியாது பாறோங் என்னும் மெல்லிய வெண்சட்டையே அணிவதுண்டு என்று கூறிப் போனார். மேசையிற் கறுப்புக் கோட்டோடு இருந்தவன் எம் மகன் ஒருவனே. பரிசாரகர்களும் கறுப்புக் கோட்டே அணிந்திருந்தமையால், எதிர் மேசைக் கிழவியார் அவனிடம் தண்ணீர் கேட்டார். அவன் எழுந்து ஊற்றிக் கொடுத்தான்.

வேட்டியோடு செல்லத் துணிவோருக்குச் சில குறிப்புக்கள். வெறும் முடிச்சை நம்பற்க, கப்பல் ஆடும். உள்ளே ஓர் இடைப்பட்டி இன்றியமையாதது. ஒட்டு வேட்டியை இகழ்வோர் உளர்; படிகளில் ஏறி இறங்கும் வயதினர்க்கு அதுவே உத்தமம். மண்டபத்திற் குளிரூட்டல் கடுமையாதலின் நீண்ட கைச் சட்டையும், அதன்மேல் வேண்டுமாயிற் கழுத்து மூடிய கோட்டும் அணிக. வெறுங்காலோடு செல்லற்க, தோற்செருப்பு நன்கு துடைத்திருக்கட்டும். சால்வையைத் தோளில் மடித்து ஊசி குத்துக. மேல்தட்டுக் கதவைத் திறந்ததும் வரும் காற்று இலேசானதன்று. வடகடலில் ஒரு சால்வை பறந்து போனதை நாம் கண்ணாரக் கண்டோம். பீற்றூட் சூப்பு வரும் இரவில் மட்டும் கவனம்.

இனி, கப்பற் சலவைச்சாலைக்கு வேட்டியைக் கொடுப்போர் ஒன்றை அறிதல் வேண்டும். எம் பட்டு வேட்டிக்கு மாற்றாகக் கொண்டுசென்ற பருத்தி வேட்டியை ஒரு காலை வெளுக்கக் கொடுத்தோம். மாலையில் எல்லாத் துணிகளும் வந்தன; வேட்டி வரவில்லை. அறைப் பணியாளரைக் கேட்டோம். அவர் ஓடிப்போய் விசாரித்துவந்து, கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். நீள்சதுரமாக, வெண்மையாக, கரை போட்டு இருந்தமையால், அதனைக் கஞ்சி போட்டு மடித்து உணவுமண்டபத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். அன்றிரவு ஆறுபேர் இருக்கும் ஒரு மேசையில் அது விரிக்கப்பட்டிருந்தது. அவர்கள் உண்டு முடிக்கும்வரை காத்திருந்து வாங்கிக்கொண்டோம்.